சிங்கத்தைக் கண்டுகொண்ட பிள்ளைகள்

சி. எஸ். லூயிஸ் (1898 – 1963)



வழக்கமாய் இந்தப் பக்கத்தில் மிஷனெரிமார், எழுப்புதல் பிரசங்கிமார், ஜெப வீரர்கள் இவர்களுடைய வாழ்க்கையைத்தான் வாசிப்போம். இந்த முறை நாம் பார்க்கப்போகிறவர் கொஞ்சம் வித்தியாசமானவர். இவர் கப்பலேறி ஊழியத்துக்குப் போகவில்லை. கன்வென்ஷன் மேடைகளில் நின்று முழங்கவில்லை. காலேஜில் இலக்கியம் சொல்லிக்கொடுத்தார், வீட்டுக்கு வந்து கதை எழுதினார். அதுவும் எப்படிப்பட்ட கதை? பேசுகிற மிருகங்கள், ஒரு தேசத்தையே பனியில் உறைய வைத்த சூனியக்காரி, துணி அலமாரிக்குள் நுழைந்தால் வேறொரு உலகம்!

சூனியக்காரியா, அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று சில விசுவாசிகள் சொல்கிறார்கள். இது எழுதினவருடைய மதப் பிரசாரம், பிள்ளைகளுக்கு விஷம் என்று சில அவிசுவாசிகள் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற புத்தகம் உலகத்தில் கொஞ்சம்தான். ஆனால் பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? அதைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மனுஷனை யார் என்று பார்ப்போம்.

தாயை இழந்த சிறுவன்

கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ் 1898ம் வருஷம் நவம்பர் 29ந்தேதி அயர்லாந்தில் பெல்பாஸ்ட் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் ஆல்பர்ட் ஒரு வக்கீல். தாயார் புளோரா ஒரு போதகருடைய மகள், கணிதம் படித்துப் பட்டம் வாங்கினவர். மூன்று வயது மூத்த அண்ணன் வாரன் ஒருவர்தான் கூடப்பிறந்தது. சின்ன வயதிலேயே தன் பெயர் பிடிக்காமல், என்னை ஜாக் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தாராம். சாகும்வரைக்கும் நெருங்கினவர்களுக்கு அவர் ஜாக்தான்.

வீடு முழுக்கப் புத்தகம். மழை பெய்தால் அண்ணனும் தம்பியும் மச்சு அறையில் உட்கார்ந்து, சட்டை போட்ட மிருகங்கள் பேசுகிற ஒரு தேசத்தைக் கற்பனை பண்ணி, அதற்குப் படம் வரைந்து சரித்திரம் எழுதுவார்கள்.

1908ல் அந்த வீட்டுக்குள் புயல் வந்தது. தாயாருக்குப் புற்றுநோய். ஒன்பது வயதுப் பையன் என்ன செய்வான்? ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஜெபித்தான். அம்மா பிழைக்க வேண்டும் என்று ஜெபித்தான். ஆகஸ்ட் 23ந்தேதி அம்மா போய்விட்டாள். அப்புறமும் ஏதாவது அற்புதம் நடக்கும் என்று பையன் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

இந்த ஜெபம் கேட்கப்படாததினால்தான் என் விசுவாசம் போயிற்று என்று லூயிஸ் ஒருபோதும் எழுதவில்லை. ஆனால் வாழ்க்கையில் நிலையான சந்தோஷம் என்று இருந்ததெல்லாம் அன்றோடு கரைந்துவிட்டதாய் எழுதியிருக்கிறார். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பவும் இந்த இடத்துக்கு வருவோம்.

விசுவாசத்தை விட்ட வாலிபன்

தாய் மரித்த ஒரு மாதத்துக்குள் பையனை இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தலைமை ஆசிரியர் பிள்ளைகளை அடித்து நொறுக்குகிறவர். கொஞ்ச காலத்தில் பள்ளியும் மூடப்பட்டு, அந்த மனுஷன் புத்தி பேதலித்தவர் என்று சான்று கொடுக்கப்பட்டார். வேறு பள்ளி, வேறு ஊர். பதின்மூன்று, பதினான்கு வயதுக்குள் தேவன் இல்லை என்று ஜாக் முடிவுக்கு வந்துவிட்டார். ஆனாலும் 1914 டிசம்பரில் தகப்பனுக்குப் பயந்து, திடப்படுத்தல் ஆராதனையில் நின்று, நம்பாத வார்த்தைகளை வாயால் சொல்லித் திருவிருந்தும் எடுத்தார். தன் வாழ்க்கையின் மிக மோசமான செயல்களில் ஒன்று அது என்று பிற்காலத்தில் வெட்கப்பட்டார். சபை வருகைப் பதிவில் பெயர் இருப்பது வேறு, இருதயம் இருப்பது வேறு என்பது நமக்குத் தெரியாததா?

அதே வருஷம் கிர்க்பாட்ரிக் என்ற நாத்திக ஆசிரியரிடம் தனிப்பாடம் படிக்கப் போனார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆதாரம் கேட்கிற மனுஷன். லூயிஸ் விவாதம் பண்ணக் கற்றது அவரிடத்தில்தான். வேடிக்கை பாருங்கள்! நாத்திகர் தீட்டிக்கொடுத்த கத்தியைத்தான் பின்னாளில் கர்த்தர் எடுத்து உபயோகித்தார்.

1916 மார்ச் மாதம் ஒரு ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் பதினேழு வயது வாலிபன் ஒரு பழைய கதைப் புத்தகம் வாங்கினான். எழுதினவர் ஜார்ஜ் மெக்டொனால்ட், ஸ்காட்லாந்து தேசத்தில் பிறந்து முன்னே போதகராய் இருந்தவர். புத்தகத்தின் பெயர் பேன்டஸ்டீஸ். மாய தேசத்தில் ஒருவன் அலைகிற கதை. அதில் உபதேசம் எதுவும் வெளிப்படையாய் இல்லை. ஆனாலும் வாசிக்க வாசிக்க, பரிசுத்தம் என்று ஒன்று உண்டு என்கிற வாசனை அந்த வாலிபனுக்கு அடித்தது. தன் கற்பனைதான் அன்றைக்கு முதலாவது ஞானஸ்நானம் பெற்றது, மீதி எல்லாம் பெறுவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று என்று பிற்பாடு எழுதினார்.

1917 நவம்பர் 29, தன் 19வது பிறந்த நாளில், பிரான்ஸ் தேசத்தில் போர்முனைப் பதுங்கு குழிக்கு வந்து சேர்ந்தார். 1918 ஏப்ரலில் குண்டு வெடித்துக் காயப்பட்டார். பக்கத்தில் நின்ற சார்ஜென்ட் மரித்துப்போனார். கூடப் பயிற்சி எடுத்த பேடி மூர் என்ற நண்பரும் திரும்பி வரவில்லை. அந்த நண்பருக்குக் கொடுத்த வாக்குக்காக, அவருடைய தாயாரைத் தன் வீட்டில் வைத்து 30 வருஷத்துக்கு மேல் தாங்கினார். அந்த அம்மாளோடு வாழ்வது லேசான காரியம் இல்லை. 1951ல் அவர்கள் மரிக்கும்வரை லூயிஸ் கைவிடவில்லை. கொடுத்த வாக்கைத் தேவனை நம்பாத நாளிலேயே காப்பாற்றத் தொடங்கிய மனுஷன் இவர்!

விடியும்வரை ஒரு பேச்சு

யுத்தம் முடிந்து ஆக்ஸ்போர்டில் படித்து மூன்று தேர்வுகளில் முதல் வகுப்பு வாங்கி, 1925ல் மாட்லின் கல்லூரியில் ஆசிரியரானார். அடுத்த வருஷம் டோல்கியன் என்ற இன்னொரு பேராசிரியரைச் சந்தித்தார். பின்னாளில் லார்டு ஆப் த ரிங்ஸ் எழுதிப் பேர்பெற்ற அதே டோல்கியன்தான். அவர் கத்தோலிக்கர்.

1929ல் ஒரு ராத்திரி, கல்லூரி அறையில், இனி ஓட முடியாது என்று லூயிஸ் முழங்கால்படியிட்டார். சந்தோஷக் கண்ணீரோடு வந்தவர் இல்லை, இழுத்துக்கொண்டு வரப்பட்டவர். தேவன் உண்டு என்று ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். இயேசு தேவகுமாரன் என்று இன்னும் விசுவாசிக்கவில்லை.

1931 செப்டம்பர் 19ந்தேதி ராத்திரி டோல்கியனும் ஹ்யூகோ டைசன் என்ற நண்பரும் கல்லூரித் தோப்புப் பாதையில் அவரோடு நடந்து பேசினார்கள். பேச்சு விடியற்காலம் வரை போயிற்று. அவர்கள் கேட்ட கேள்வியின் சாராம்சம் இதுதான்: பழைய புராணக் கதைகளில் ஒரு தேவன் மரித்து எழுந்தான் என்று வாசித்தால் உனக்கு மயிர்க்கூச்செறிகிறதே, அதே காரியத்தைச் சுவிசேஷத்தில் வாசித்தால் மட்டும் ஏன் ஒதுங்குகிறாய்? அந்தக் கதைகள் எல்லாம் ஏக்கம். இது ஒன்றுதான், தேதியோடும் இடத்தோடும், உண்மையாய் நடந்தது.

ஒன்பது நாள் கழித்து அண்ணன் வாரன் மோட்டார் சைக்கிள் ஓட்ட, சைடுகாரில் தம்பி உட்கார்ந்து விப்ஸ்னேட் மிருகக்காட்சிசாலைக்குப் போனார்கள். புறப்படும்போது இயேசு தேவகுமாரன் என்று நம்பாதவர், போய்ச் சேரும்போது நம்பினார். வழியில் பெரிதாய் ஒன்றும் யோசிக்கவும் இல்லை, உணர்ச்சிவசப்படவும் இல்லை என்கிறார். நித்திரை தெளிந்தவன் தான் விழித்திருக்கிறதை அறிகிறது போலத்தான்!

இந்த வாழ்க்கைச் சரித்திரத்தை அவரே 1955ல் ஒரு புத்தகமாய் எழுதி, பழைய மாணவர் பீட் கிரிபித்ஸுக்குச் சமர்ப்பித்தார். இருவரும் ஒரே காலத்தில் தேவனைத் தேடினவர்கள். கிரிபித்ஸ் கத்தோலிக்கத் துறவியாகி, கடைசியில் நம்ம குளித்தலை பக்கத்துச் சாந்திவனத்தில், காவிரிக் கரையில், 1993ல் மரிக்கும்வரை இருந்தார். அவர் பிடித்த பாதை நம்முடைய பாதை அல்ல. ஆனாலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை தமிழ்நாட்டிலும் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பத்திரிகைக்காரர் காணாதது

கதை வழியாய் இழுக்கப்பட்டவர், கதை வழியாகவே மற்றவர்களையும் கூப்பிட ஆரம்பித்தார். 1938ல் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற ஒரு கதை எழுதினார். அதில் நம் பூமியை மட்டும் ஒரு கெட்டுப்போன தூதன் ஆளுகிறான். அதனால் மற்ற உலகங்களோடு நமக்குத் தொடர்பு அற்றுப்போயிற்று. ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கே புரியும், இல்லையா? ஆனால் சுமார் 60 விமர்சனங்கள் வந்ததில் இரண்டே பேருக்குத்தான் இது வேதத்தில் உள்ள வீழ்ச்சி என்று தெரிந்திருந்தது! மீதிப்பேர் எல்லாம் எழுத்தாளருடைய சொந்தக் கற்பனை என்று நினைத்தார்கள். அப்போதுதான் லூயிஸுக்கு ஒன்று விளங்கிற்று. கிறிஸ்தவ தேசம் என்று பெயர்; வேதம் ஒருவருக்கும் தெரியாது. அப்படியானால் ஒரு கதைக்குள் எவ்வளவு சத்தியத்தையும் அவர்களுக்குத் தெரியாமலே உள்ளே கொண்டுபோகலாமே!

1941ல் ஒரு சபைப் பத்திரிகையில் வாரம் ஒன்றாக 31 கடிதங்கள் வந்தன. எழுதுகிறது யார்? ஸ்க்ரூடேப் என்ற மூத்த பிசாசு. யாருக்கு? ஒரு விசுவாசியைக் கெடுக்கப் பழகுகிற தன் மருமகப் பிசாசுக்கு! எப்படிச் சோதிப்பது, எப்போது சோர்வைக் கொடுப்பது, ஜெபத்தை எப்படிக் கலைப்பது என்று ஆலோசனை. இதை வாசித்த ஒரு குருவானவர், இந்த ஆலோசனைகள் தவறானவை மட்டுமல்ல, பிசாசுத்தனமாகவே இருக்கின்றன என்று பத்திரிகைச் சந்தாவை நிறுத்திவிட்டாராம்! சிரிப்பு வருகிறது. ஆனால் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுகிற பழக்கம் நம்மிலும் இல்லையா?

அந்தக் கடிதங்களுக்கு வந்த பணத்தை அவர் தொடவில்லை. மரித்த குருமாருடைய விதவைகளுக்குப் போகும்படி சொல்லிவிட்டார். பிறகு புத்தகங்கள் விற்க விற்க, வருமானத்தில் பெரும்பங்கு ஒரு தர்ம நிதிக்குப் போனது. யாருக்குப் போகிறது என்று ஊருக்குத் தெரியாமல் போனது. தானம் பண்ணின பணத்துக்கும் வரி கட்ட வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் கொடுத்துவிட்டு, பின்பு வரிக் கணக்கு வந்து திகைத்த மனுஷன்.

யுத்த காலத்தில் பிபிசி வானொலியில் அவர் பேசின பேச்சுகள்தான் பிற்பாடு மியர் கிறிஸ்டியானிட்டி என்ற புத்தகமாயிற்று. 1944 பெந்தெகொஸ்தே ஞாயிறன்று ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரி ஆலயத்தில் பிரசங்கிக்க நின்றபோது, அந்நிய பாஷை பேசுதலையே பொருளாக எடுத்தார். அவர் நம்மைப்போல் அனுபவித்துப் பேசினவர் அல்ல. அது அவருக்குப் புதிராகவும் கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் வெறும் உணர்ச்சிக் கோளாறு என்று அதைத் தள்ளிவிட முடியாது, மேலான ஒன்று கீழான பாத்திரத்துக்குள் இறங்கும்போது இப்படித்தான் இருக்கும் என்று வாதாடினார். பிரசங்கத்தின் நடுவில் தாங்க முடியாமல் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். சபையார் ஒரு பாட்டுப் பாடினார்கள். பிறகு திரும்பி வந்து முடித்தார்.

பனியில் ஒரு சிங்கம்

பதினாறு வயதிலிருந்து லூயிஸின் மனதில் ஒரு படம் இருந்தது: பனி மூடிய காட்டில், ஆட்டுக்காலுள்ள ஒரு விசித்திர மனிதன் குடையும் பொட்டலங்களும் தூக்கிக்கொண்டு போகிறான். நாற்பது வயதில், இதை வைத்து ஒரு கதை எழுதிப் பார்ப்போமே என்று ஆரம்பித்தார். கதை எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. திடீரென்று அதற்குள் ஒரு சிங்கம் பாய்ந்து வந்தது. அஸ்லான் என்ற அந்தச் சிங்கம் வந்ததும் கதை முழுவதும் ஒன்றுசேர்ந்தது.

1950 அக்டோபரில் முதல் புத்தகம் வெளிவந்தது. நான்கு பிள்ளைகள் ஒரு துணி அலமாரி வழியாய் நார்னியா என்ற தேசத்துக்குள் போகிறார்கள். அங்கே வெள்ளைச் சூனியக்காரியின் ஆட்சி; எப்போதும் குளிர்காலம், கிறிஸ்துமஸ் மட்டும் வராது. எட்மண்ட் என்ற பையன் ஒரு டப்பா இனிப்புக்காகத் தன் அண்ணனையும் சகோதரிகளையும் காட்டிக்கொடுக்கிறான். துரோகியின் உயிர் எனக்குச் சொந்தம் என்று சூனியக்காரி நியாயப்பிரமாணத்தைக் காட்டிக் கேட்கிறாள். அவள் கேட்பது சட்டப்படி சரி. அப்போது அஸ்லான் அந்தப் பையனுக்குப் பதிலாய்த் தன்னை ஒப்புக்கொடுக்கிறது. கட்டுகிறார்கள், பிடரிமயிரைச் சிரைக்கிறார்கள், பரியாசம் பண்ணுகிறார்கள், கல்மேசையின்மேல் கொல்லுகிறார்கள். இரண்டு சிறுமிகள் மட்டும் ராத்திரி முழுக்க அழுதுகொண்டிருக்கிறார்கள். பொழுது விடிகிறது. கல்மேசை இரண்டாய்ப் பிளந்து கிடக்கிறது. சிங்கம் உயிரோடு நிற்கிறது!

சொல்லுங்கள் பிரியமானவர்களே, இந்தச் சூனியக்காரியைப் பார்த்து எந்தப் பிள்ளைக்காவது சூனியத்தின்மேல் ஆசை வருமா?

நெருங்கின நண்பர் டோல்கியனுக்கே இந்தக் கதை பிடிக்கவில்லை. வேறு வேறு தேசத்துப் புராணங்களையும் கிறிஸ்துமஸ் தாத்தாவையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிட்டாய் என்பது அவருடைய மனக்குறை. லூயிஸுக்கு வருத்தம்தான். ஆனாலும் நிறுத்தவில்லை. வருஷத்துக்கு ஒன்றாக 1956 வரை ஏழு புத்தகங்கள் வந்தன. கடைசிப் புத்தகத்துக்கு இங்கிலாந்தில் பிள்ளைகள் இலக்கியத்துக்கான கார்னெகி பதக்கம் கிடைத்தது.

ஏன் கதை? லூயிஸ் 1956ல் ஒரு கட்டுரையில் பதில் சொன்னார். சின்ன வயதில் கிறிஸ்துவின் பாடுகளை நினைத்து இப்படி இப்படி உணர வேண்டும் என்று பெரியவர்கள் கட்டாயப்படுத்தினதாலேயே உணர்வு செத்துப்போயிற்றாம். தாழ்ந்த குரலும், நீண்ட முகமும், ஞாயிறு பள்ளி வாசனையும் வாசலில் காவல் நிற்கும் பூதங்கள் மாதிரி. கதை அவைகளுக்குத் தெரியாமல் உள்ளே நுழைந்துவிடும். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் போனபோது முதலில் பாவத்தைப் பற்றியா பேசினான்? ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னான். ராஜாவின் கோபம் பொங்கி எழுந்த பிறகுதான் விரல் ராஜாவை நோக்கித் திரும்பினது.

தபால்காரர் கொண்டுவந்த பாரம்

இப்போது நாம் பார்க்க வேண்டிய முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். புத்தகங்கள் வெளிவந்ததும் கடிதங்கள் குவிய ஆரம்பித்தன. இங்கிலாந்திலிருந்து, அமெரிக்காவிலிருந்து, படம் வரைந்து, எழுத்துப் பிழையோடு, பிள்ளைகள் எழுதினார்கள். பேர்பெற்ற எழுத்தாளர்கள் இப்படிப்பட்ட கடிதங்களைக் கூடையில் போடுவது உண்டு. லூயிஸ் காலையில் எழுந்ததும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். அண்ணன் வாரன் பழைய டைப்ரைட்டரில் இரண்டு விரலால் தட்டி உதவி செய்தார். வலது கையில் வாதநோய் வந்து எழுதுவதே வேதனையான பிறகும் விடவில்லை. இது கர்த்தர் எனக்குக் கொடுத்த வேலை என்று எடுத்துக்கொண்டார்.

கஷ்டத்திலிருந்த ஓர் அமெரிக்க அம்மாளுக்கு 1950 முதல் 1963 வரை நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். அவர்களை அவர் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. தன் அமெரிக்கப் பதிப்பாளர் மூலமாய் அவர்களுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை போகவும் ஏற்பாடு பண்ணினார்.

1953ல் அமெரிக்கச் சிறுமி ஒருத்தி, அஸ்லானுக்கு நம் உலகத்தில் வேறொரு பெயர் உண்டு என்று கதையில் வருகிறதே, அது என்ன பெயர் என்று கேட்டாள். லூயிஸ் பெயரைச் சொல்லவில்லை! குறிப்பு மட்டும் கொடுத்தார். கிறிஸ்துமஸ் நேரத்தில் வந்தவர் யார்? மகா ராஜாவின் குமாரன் என்று சொன்னவர் யார்? மற்றவன் செய்த தப்புக்காகத் தன்னைக் கொடுத்து, பரியாசம் பண்ணப்பட்டுக் கொல்லப்பட்டவர் யார்? திரும்ப உயிரோடு வந்தவர் யார்? ஆட்டுக்குட்டி என்றும் சொல்லப்படுகிறவர் யார்? உனக்கு உண்மையிலேயே தெரியாதா, யோசித்து எழுது என்றார். எப்படிப்பட்ட ஞாயிறு பள்ளி ஆசிரியர் பாருங்கள்!

1955ல் வந்த ஒரு கடிதம்தான் என் மனதை அதிகமாய்த் தொட்டது. அமெரிக்காவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் இயேசுவைவிட அஸ்லானை அதிகமாய் நேசிக்கிறேனோ, அப்படியானால் நான் விக்கிரக ஆராதனைக்காரனோ என்று பயம். தாயார் பதிப்பாளர் விலாசத்துக்கு எழுதினார்கள். பத்து நாளில் பதில் வந்துவிட்டது.

லூயிஸ் சிரித்து ஒதுக்கவில்லை. பையனுடைய பயத்தைப் பெரியவருடைய பயம் போலவே மதித்தார். அவர் சொன்னதன் கருத்து இது. அஸ்லான் பேசினது, செய்தது என்று எதையெல்லாம் பையன் நேசிக்கிறானோ அதையெல்லாம் மெய்யாகவே பேசினவர், செய்தவர் இயேசுதான். ஆகவே அஸ்லானை நேசிக்கிறேன் என்று அவன் நினைக்கும்போது உண்மையில் இயேசுவைத்தான் நேசிக்கிறான், ஒருவேளை முன்னைவிட அதிகமாகவே. சிங்கத்தின் உடம்பு பிடித்திருக்கிறது என்றால் அதற்கும் கவலை வேண்டாம். சின்னப் பையனின் கற்பனை எப்படி வேலை செய்யும் என்று அதை உண்டாக்கின தேவனுக்குத் தெரியும். பையனுக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லி, எனக்காகவும் அவன் ஜெபிக்கட்டும், என் கதைகளால் எந்தப் பிள்ளைக்காவது இப்படிக் கலக்கம் வந்திருந்தால் கர்த்தர் என்னை மன்னிக்கும்படி கேட்கட்டும் என்று எழுதினார்.

உலகப் பிரசித்தி பெற்ற பேராசிரியர், டைம் பத்திரிகையின் அட்டையில் 1947லேயே படம் வந்தவர், ஒன்பது வயதுப் பையனிடம் ஜெப உதவி கேட்கிறார்! அந்தத் தாழ்மையை நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா?

கேட்கப்படாத ஜெபமும் கேட்கப்பட்ட ஜெபமும்

அவருடைய வாசகரில் ஒருவர் அவருக்கு மனைவியாகவே ஆனார். ஜாய் டேவிட்மன் என்பவர் யூத வீட்டில் பிறந்து, கம்யூனிஸ்டாக இருந்து, பிறகு கிறிஸ்துவண்டை வந்த அமெரிக்க எழுத்தாளர். 1950ல் கடிதம் எழுதத் தொடங்கினார். பின்பு இரண்டு பையன்களோடு இங்கிலாந்துக்கு வந்தார். 1956 ஏப்ரலில் பதிவுத் திருமணம். அக்டோபரில் அந்த அம்மாளுக்கு எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. தாயை வாங்கிக்கொண்ட அதே நோய்!

1957 மார்ச் 21ந்தேதி ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பீட்டர் பைட் என்ற குருவானவர் கைவைத்து ஜெபித்தார், திருமணமும் நடத்திவைத்தார். சாகக் கிடந்தவர் எழுந்து நடந்தார். மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிறகு நோய் திரும்ப வந்தது. 1960 ஜூலை 13ந்தேதி ஜாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தத் துக்கத்தில் தேவன் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார் போல இருக்கிறது என்றெல்லாம் லூயிஸ் நோட்டுப் புத்தகங்களில் ஒளிக்காமல் எழுதினார். 1961ல் அதை வேறு பெயரில் புத்தகமாய் வெளியிட்டார். அவர் மரித்த பின்புதான் அவருடைய சொந்தப் பெயரில் வந்தது. சங்கீதக்காரன் அழாத அழுகையா அது? விசுவாசத்தை விடவில்லை, ஆனால் வலிக்கவில்லை என்று நடிக்கவும் இல்லை.

முன்னே மனதில் வைக்கச் சொன்னேனே, அந்த ஒன்பது வயதுப் பையனின் ஜெபம்! 1955ல் வந்த நார்னியா புத்தகத்தில் டிகரி என்று ஒரு பையன் வருகிறான். அவன் அம்மா சாகக் கிடக்கிறாள். பையன் சிங்கத்தைக் கெஞ்சுகிறான். தலையை நிமிர்ந்து பார்த்தால் சிங்கத்தின் கண்களில் தன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர் நிற்கிறது. கடைசியில் அந்த அம்மா ஒரு கனியைத் தின்று பிழைக்கிறாள். 1908ல் பெல்பாஸ்டில் கிடைக்காத அம்மாவை, 47 வருஷம் கழித்து, வேறு பிள்ளைகளுக்கு அவர் எழுதிக் கொடுத்தார். சுகம் கிடைக்காத பிள்ளைகள் நம் சபைகளிலும் உண்டு. அவர்களுக்கு வசனம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். கர்த்தர் உன்னோடுகூட அழுகிறார் என்று யார் சொல்வது?

நிதானித்து அறிய வேண்டியவை

லூயிஸ் குறைவில்லாதவர் என்று நான் எழுதவில்லை. அவர் ஆங்கிலிக்கன் சபை அங்கத்தினர். புகை பிடித்தார், மதுவும் உண்டு. அதை மறைக்கவும் வேண்டாம், பின்பற்றவும் வேண்டாம். கடைசி நார்னியா புத்தகத்தில், அந்நிய தெய்வத்தை உண்மை மனதோடு சேவித்த ஒரு வாலிபனை அஸ்லான் ஏற்றுக்கொள்கிறதாய் வருகிறது. இந்த இடத்தில் நாம் அவரோடு போக முடியாது. உபதேசத்தை வேதத்திலிருந்து எடுங்கள், கதையிலிருந்து எடுக்காதீர்கள். பிள்ளை வாசித்தால் பெற்றோரும் கூட உட்கார்ந்து வாசியுங்கள், வாசித்துப் பேசுங்கள்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1998ல் பிலிப் புல்மன் என்ற இங்கிலாந்து கதாசிரியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், நார்னியாவைக் கடுமையாய்த் தாக்கி எழுதினார். சத்துரு இவ்வளவு கோபப்படுகிறான் என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கடைசிக் கடிதம்

1963 ஜூலையில் லூயிஸுக்கு மாரடைப்பு வந்து நினைவிழந்தார். பிழைத்தார், ஆனால் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அப்போதும் கடிதங்கள் வந்தன, அப்போதும் பதில் எழுதினார். அக்டோபரில் ஒரு சிறுமிக்கு, நீ இயேசுவைத் தொடர்ந்து நேசித்தால் பெரிய கேடு ஒன்றும் உனக்கு வராது என்ற கருத்தில் எழுதினார்.

நவம்பர் 21ந்தேதி ஒரு பையனுக்குப் பதில் எழுதினார். நன்றாய்க் கடிதம் எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினார். பிறகு ஒரு வேடிக்கையைச் சொன்னார்: எனக்கு எழுதுகிற பிள்ளைகள் எல்லாரும் அஸ்லான் யார் என்று உடனே கண்டுகொள்கிறார்கள், பெரியவர்களோ காண்பதே இல்லை.

மறுநாள் நவம்பர் 22, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, அறையில் சத்தம் கேட்டு வாரன் ஓடிப்போய்ப் பார்த்தார். சில நிமிஷங்களில் தம்பியின் ஜீவன் பிரிந்தது. 65 வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. அதே நாளில்தான் அமெரிக்காவில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். உலகம் முழுவதும் அந்தச் செய்தியே நிறைந்திருந்ததால் இந்த மரணம் அநேகருக்குத் தெரியாமலே போயிற்று. ஐம்பது வருஷம் கழித்து, 2013ல் அதே தேதியில், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள்.

பிரியமானவர்களே, சுமார் 60 விமர்சகரில் இரண்டு பேர் தவிர மற்றவர்கள் பார்த்தும் காணாததை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை கண்டது. சிறு பிள்ளைகளைத் தடைபண்ணாதிருங்கள் என்று நம் ஆண்டவர் கற்பித்தது சும்மாவா? உங்கள் ஞாயிறு பள்ளியில், உங்கள் குடும்ப ஜெபத்தில், பிள்ளைகளுக்கு இயேசுவை எப்படிக் காட்டுகிறீர்கள்? நீண்ட முகத்தோடும் தாழ்ந்த குரலோடும் மட்டும்தானா? எல்லாருக்கும் கதை எழுதும் வரம் இல்லைதான். ஆனால் ஒரு பிள்ளை பயந்து கேட்கிற கேள்விக்கு, பத்து நாளைக்குள் பதில் சொல்லுவது நம் எல்லாராலும் கூடும் அல்லவா? இந்த வாரம் உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில், அப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிற பிள்ளை யார்?

அந்தப் பிள்ளையிடம் போய் உட்காருங்கள். யூதா கோத்திரத்துச் சிங்கமானவர் தாமே உங்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தந்தருள்வாராக. ஆமென்.